சொண்டு வைச்ச ரப்பர் மீனும் அந்த ரெண்டு நாளும்

1

போன செவ்வாய்க்கிழமை கடைக்கு ஒரு பெட்டி வந்தது. அதால வந்ததுதான் இந்தக் குறிப்பு.

புதுசா வாசிக்கிற ஆக்களுக்கு: நான் கஜன், வெள்ளவத்தை, இப்ப பிரிஸ்பேன். எஞ்சினியரிங் முடிச்சு ஏழு மாசம். டிகிரி சுவரில தொங்குது, நான் தூண்டில் சாமான் விக்கிற கடையில புழு நிறுத்துக் குடுக்கிறன். சிரிக்கிற ஆக்கள் இப்பவே சிரிச்சு முடியுங்கோ.

பெட்டிக்குள்ள ரப்பர் மீன். ரப்பர் எண்டு வாயில வருது, சரியாப் பாத்தால் மெத்தெண்ட பிளாஸ்ரிக். அமத்தினால் பிதுங்கும், உலுப்பினால் வால் தொடதொடவெண்டு ஆடும். அது மட்டும் எண்டால் கடை முழுக்கக் கிடக்கு. இதுக்கு வாய்க்குக் கீழ கண்ணாடி மாதிரி ஒரு தகடு நீட்டிக்கொண்டு நிக்குது. இங்கத்தைய ஆக்கள் அதுக்கு 'பிப்' எண்டுவினம். குழந்தைக்குச் சோறு தீத்தேக்க கழுத்தில கட்டுற துணிக்கும் அதே பேர்தான். நான் சொண்டு எண்டுதான் சொல்லுவன். தங்கூசி நூலைச் சுத்த, தண்ணி அந்தச் சொண்டில அடிச்சு மீனைக் கீழ தள்ளும். தலையைக் குத்தித் தாழும், உடம்பு ரெண்டு பக்கமும் நெளியும். சுத்திறதை நிப்பாட்டினால் மிதந்து மேல வரும். மரத்தில செய்த மீனுக்கு, கட்டிப் பிளாஸ்ரிக் மீனுக்கு, சொண்டு வைக்கிறது பழைய கதை. எங்கட அப்பாமார் பிறக்க முதலே தகரத்தில வெட்டி வைச்சவங்கள். மெத்தெண்ட உடம்பில வைக்கிறதுதான் கஷ்டம். நல்ல மீன் ஒண்டு இழுத்தால் சொண்டு சதையைக் கிழிச்சுக்கொண்டு தனிய வந்திடும்.

கடை முதலாளி கிரெக் பெட்டியைத் திறந்து ஒண்டைத் தூக்கிக் காட்டினான். "உலகத்திலேயே முதல் தரம், மேற்." மேற் எண்டால் இங்க மச்சான்.

"இல்லை," எண்டன். "முதல் தரம் கொட்டாஞ்சேனையில."

"அது எங்க?"

"கொழும்பு பதின்மூண்டு. சைக்கிள் கடையொண்டின்ட பின்பக்கம்."

கிரெக் நல்லாச் சிரிச்சான். நான் பகிடி விட்டதெண்டு நினைச்சிட்டான். அவன் கோப்பி போடப் போன நேரம் நான் ஒரு மீனை எடுத்துக் கத்தியால நடுவால பிளந்தன். உள்ளுக்குச் சொண்டில இருந்து தூண்டில் முள்ளு வரைக்கும் ஒரு கம்பி ஓடுது. மீன் கடிச்சு இழுத்தால் பாரம் முழுக்கக் கம்பியில, சதையில இல்லை. அச்சொட்டா எங்கட ஐடியா. வித்தியாசம் ஒண்டே ஒண்டுதான். வயித்துக்குள்ள கிலுக்கத்துக்கு இவங்கள் கண்ணாடி மணி போட்டிருக்கிறாங்கள்.

எங்களுக்கும் அந்தப் புத்தி வந்திருந்தால் நான் ரெண்டு நாள் பொலிசில இருந்திருக்க மாட்டன்.

2

ஜூட் எண்டு இதில எழுதுறன், அது அவன்ட பேர் இல்லை. ஏன் மாத்தினனான் எண்டு கடைசியில அவனே என்னோட சண்டைக்கு வருவான், வரட்டும்.

ஜூட்டின்ட அப்பா அம்மா ஹட்டன் பக்கம் தோட்டத்தில இருந்து வந்து கொட்டாஞ்சேனையில குடியேறின ஆக்கள். பத்தாம் வகுப்போட படிப்பை விட்டிட்டு சைக்கிள் கடையில நிண்டவன். எனக்கும் அவனுக்கும் பழக்கம் வந்தது வெள்ளவத்தையில, ரயில் பாதைக்கு அங்கால இருக்கிற கல்லுகளில. நான் ஏ.எல். எடுத்திட்டு றிசல்ஸ் பாத்துக்கொண்டு சும்மா திரிஞ்ச காலம். அவன் ஞாயிற்றுக்கிழமையில பூசை முடிய பஸ் ஏறி வந்து தூண்டில் போடுவான்.

எல்லாரும் றால் கொழுவிப் போடுற இடத்தில இவன் ரோஸ் கலர் ரப்பர் துண்டொண்டை எறிஞ்சு சுத்துறான். பக்கத்தில நிண்ட ஆக்கள் ஒவ்வொரு எறிக்கும் ஒரு பகிடி விட்டாங்கள்.

"அது என்ன ஐசே, செருப்போ?" எண்டு நானும் கேட்டன்.

"ஆமா. எங்க அக்கா செருப்பு," எண்டான். "ஜெலி செருப்பு. உருக்கி ஊத்துனது. அவகிட்ட சொல்லிறாத."

உண்மையிலேயே செருப்புத்தான். பிஞ்ச ஜெலி செருப்பைத் தகரத்தில உருக்கி, சுண்ணாம்பில செய்த அச்சில ஊத்தி, நடுவில பாத்ரூம் செருப்புத் துண்டொண்டு மிதக்கிறதுக்கு. சொண்டு பழைய சீடீயில வெட்டினது. எறிய நல்லாப் போகும், தாழவும் செய்யும், ஆனால் ரெண்டு குறை. ஒண்டு, சொண்டு கிழிச்சுக்கொண்டு வரும். ரெண்டு, கொஞ்சம் வேகமாச் சுத்தினால் மீன் மல்லாந்து பம்பரம் மாதிரிச் சுழலும்.

நான் பிசிக்ஸ் படிச்ச பெரிய மனுசன் எல்லோ. "வயித்தில பாரம் காணாது மச்சான்," எண்டன். "கீழ பாரம் இருந்தால் சுழலாது. கம்பியை உள்ளால ஓடவிட்டால் கிழியாது." அவன் என்னை மேலயும் கீழயும் பாத்தான். அடுத்த ஞாயிறு வரேக்க கம்பி ஓடியிருக்கு. பாரத்துக்குச் சைக்கிள் சில்லுக்குள்ள போடுற இரும்பு போல்ஸ், சின்னன், மூண்டு. பேனைக் குழாயில அரை விரல் நீளத்துக்கு வெட்டி, போல்ஸை உள்ளுக்குப் போட்டு, ரெண்டு பக்கமும் மெழுகுதிரியில சுட்டு அடைச்சிருக்கிறான். ஆட்டினால் கிலுகிலுவெண்டுது. "சத்தத்துக்கு மீன் வரும்டா," எண்டான்.

வந்தது. ஒரு முழப் பாரை. பகிடி விட்ட ஆக்கள் றால் வாளியை மூடிட்டு வந்து பாத்தாங்கள்.

அந்த மழைக்காலம் முழுக்க எங்களுக்கு இதுதான் வேலை. நீளச் சொண்டு வைச்சால் ஆழம் போகும், கல்லில மாட்டும். கட்டைச் சொண்டைச் செங்குத்தா வைச்சால் மேலால போகும், வெள்ளவத்தைக் கல்லுக்கு அதுதான் சரி. சொண்டில நூல் கட்டுற வளையம் ஒரு மயிரளவு இடப்பக்கம் சாஞ்சால் மீன் இடப்பக்கம் ஓடும். குறட்டால கொஞ்சமா வளைச்சு நேராக்கோணும். ஜூட் அதைத் தண்ணித் தொட்டியில இழுத்து இழுத்துப் பாத்துச் சரிக்கட்டுவான். ரேடியோ ரியூன் பண்ணுற மாதிரி.

இப்ப யோசிச்சுப் பாருங்கோ. சண்டை நடக்கிற காலம். கொழும்பு. ரெண்டு தமிழ்ப் பெடியள். ஒருத்தனுக்கு ஐசியில, அதுதான் அடையாள அட்டையில, பிறந்த இடம் யாழ்ப்பாணம். ரெண்டு பேருமாச் சேந்து குழாயில இரும்பு போல்ஸ் அடைச்சு, கம்பி பூட்டி, ரெண்டு பக்கமும் உருக்கி மூடிறாங்கள். எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரு நாளும், ஒரு நிமிசமும், அது வேற என்ன மாதிரித் தெரியும் எண்டு ஓடவே இல்லை. நாங்கள் மீனைப் பாத்தனாங்கள். மொக்கு வேலை எண்டு சொல்லுங்கோ, ஓம். ஆனால் எங்கட வயசில வேற நாட்டுக்காரன் ஒருத்தன் இதைச் செய்தால் அது மொக்கு வேலை இல்லை, பொழுதுபோக்கு.

3

ஜூட்டிட்ட இருந்து பதினொரு மீனையும் மிச்ச வேலைச் சாமானையும் வாங்கிக்கொண்டு கொட்டாஞ்சேனையில இருந்து பஸ்ஸில வாறன். மத்தியானம். வழியில பொலிஸ் சோதனை, எல்லாரையும் இறக்கி வரிசையில விட்டாங்கள். ஐசியைப் பாத்தவுடன என்னைத் தனிய எடுத்திட்டாங்கள். அது வழமை, எனக்குப் பயமும் இல்லை. பிறகு சார்ஜன்ட் பேக்கைத் திறந்தான்.

ஒரு மீனைத் தூக்கி ஆட்டினான். கிலுகிலு. பக்கத்தில நிண்டவன் ரெண்டு அடி பின்னால போனான். பிறகு பிலிம் டப்பாவைத் திறந்தாங்கள், முழுக்க போல்ஸ். பிறகு கம்பிச் சுருள். பிறகு குறடு. ஒவ்வொண்டா எடுக்க எடுக்க எனக்கே என்னில சந்தேகம் வந்திட்டுது.

"மே மொனவத?" இது என்ன எண்டு கேக்கிறான்.

என்ட சிங்களம் அப்ப கடைச் சிங்களம். பாணும் ஃபோன் கார்டும் வாங்கத்தான் காணும். தூண்டில் மீனுக்குச் சிங்களத்தில என்ன எண்டு எனக்கு எங்க தெரியும். "பொரு மாளு, சேர்," எண்டன். பொய் மீன். அவனுக்கு 'பொய்' மட்டும் விளங்கியிருக்கு. முதல் அறை அதுக்குத்தான் விழுந்தது.

ரெண்டு நாள். எந்த ஸ்டேசன் எண்டு எழுதேல்ல, எழுதுறதால உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. எட்டுப் பேர் இருந்த கூட்டில என்னையும் சேத்து ஒம்பது. ஒரே கேள்வியை ஆள் மாத்தி ஆள் கேட்டாங்கள். ஆர் செய்யச் சொன்னது. எங்க வைக்கப் போறாய். நானும் ஒரே பதிலை மாத்தாமல் சொன்னன். கடலில வைக்கப் போறன், பாரை பிடிக்க. எனக்கு அழுகை வரேல்ல எண்டு சொன்னால் அது பொய். ஆனால் பதிலை மாத்தேல்ல.

அம்மா வீட்டில ஆர் ஆர் இருக்கினம் எண்ட பொலிஸ் பதிவுத் துண்டையும் என்ட பள்ளிக்கூட லெட்டரையும் கொண்டு வந்து வாசலில நிண்டவ. உள்ள விடேல்ல. ஆர் ஆரோ ஃபோன் எடுத்தவை, ஒண்டும் அசையேல்ல.

4

ரெண்டாம் நாள் பின்னேரம் ஜூட் வந்தான்.

ஆரும் கூப்பிடேல்ல. அவன்ட பேரை நான் சொல்லவும் இல்லை. "கடையில வாங்கினது" எண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தனான். அவன் வீட்டில எல்லாரும் போகாத எண்டு கையைப் பிடிச்சவையாம். இவன் தூண்டில் தடியையும் தூக்கிக்கொண்டு, கழுவின சேட்டும் போட்டுக்கொண்டு, வாசலில நிண்ட பொலிசிட்ட நல்ல சிங்களத்தில சொல்லியிருக்கிறான், உள்ள இருக்கிற சாமான் நான் செய்தது, எப்பிடி வேலை செய்யும் எண்டு காட்ட வந்தனான் எண்டு.

பின்பக்கத்தில ஒரு சீமெந்துத் தண்ணித் தொட்டி. என்னையும் கொண்டு போய் நிப்பாட்டினாங்கள். ஸ்டேசன் பொறுப்பதிகாரி, ஓஐசி, கதிரை போட்டு இருந்தார். சார்ஜன்ட் பேக்கில இருந்து ஒரு மீனைத் தந்தான். ஜூட் நூலில கட்டி, தொட்டிக்குள்ள விட்டு இழுத்தான்.

மீன் மல்லாந்து சுழண்டுது.

ஓஐசி சார்ஜன்டைப் பாத்தார். சார்ஜன்ட் என்னைப் பாத்தான். ஜூட் மீனைத் தூக்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சு, வளையத்தைப் பாத்தான். சோதிக்கிறம் எண்டு பிடுங்கி நெளிச்சிருக்கிறாங்கள்.

"சேர்," எண்டான் ஓஐசியிட்ட சிங்களத்தில, பள்ளிக்கூடத்தில ரீச்சரிட்ட கேக்கிற மாதிரி. "யாரோ இத வளச்சிட்டாங்க. எங்க குறடு அந்தப் பேக்ல இருக்கு. கொஞ்சம் தரச் சொல்லுங்க."

சாட்சிப் பொருளைத் திருப்பிக் கேக்கிறான். அதுவும் சார்ஜன்ட் நிக்கேக்க, யாரோ வளச்சிட்டாங்க எண்டு. நான் மனசுக்குள்ள செத்துப் போனன். ஓஐசி கையைக் காட்டினார். குறடு வந்தது. ஜூட் ஒருக்கா வளைச்சான், இழுத்துப் பாத்தான், காணாது. இன்னொருக்கா. அவசரமே இல்லை. அவன் ஞாயிற்றுக்கிழமை கல்லில நிக்கிற மாதிரி நிக்கிறான், சுத்திவர ஆறு பேர் துவக்கோட.

மூண்டாம் தரம் மீன் தலையைக் குத்தித் தாழ்ந்து, நெளிஞ்சு நெளிஞ்சு தொட்டியின்ட மற்றப் பக்கம் மட்டும் போனது. நிப்பாட்ட, மிதந்து வந்தது. திரும்பவும் இழுத்தான், திரும்பவும் போனது. பின்னால நிண்ட ஒரு கொன்ஸ்டபிள், நீர்கொழும்புப் பக்கத்து ஆள் போல, தன்ர பாட்டில "ஷா" எண்டான்.

"இந்த போல்ஸ்?" எண்டு ஓஐசி கேட்டார்.

"சத்தத்துக்கு சேர். பாரை சத்தத்துக்கு வரும்."

"வருமா?"

"சேருக்கு ஒண்ணு வேணுமா?"

எனக்கு இண்டைக்கும் தெரியாது அவன் அதை நக்கலாக் கேட்டவனோ உண்மையாக் கேட்டவனோ எண்டு. ஓஐசி எழும்பி உள்ளுக்குப் போயிட்டார். ஒரு மணித்தியாலத்தில அம்மாவைக் கூப்பிட்டாங்கள்.

ஒரு பெரிய புத்தகம். சார்ஜன்ட் அதைத் திருப்பி வைச்சு விரலால ஒரு கோட்டைக் காட்டினான். அம்மாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. கையெழுத்துப் போட்டா. மீனும் போல்ஸும் அங்கயே நிண்டிட்டுது, குறடு மட்டும் ஜூட்டின்ட பொக்கற்றுக்குள்ள போயிட்டுது.

திறீவீலுக்குள்ள ஏறினாப் பிறகுதான் ஜூட் சொன்னான். அவன் அம்மாவின்ட தோளுக்கு மேலால வாசிச்சிருக்கிறான். "ஆன்ட்டி, அதுல என்னா எழுதியிருந்திச்சி தெரியுமா? இவன் தகவல் குடுக்குறதுக்கு தானாவே வந்தானாம். இன்னிக்கித்தான் வந்தானாம். குடுத்துட்டு திரும்பிப் போறானாம்."

அம்மா வெளியால பாத்துக்கொண்டிருந்தா. "என்னத்தையும் எழுதட்டும் தம்பி," எண்டா. "பிள்ளை வெளியில."

5

இனி இப்ப. படிப்பு விசா மாசக் கடைசியோட முடியுது. இங்க நிரந்தரமா இருக்கிறதுக்கு ஒரு விண்ணப்பம். மறுத்தால் பிளைட். இப்ப கொழும்பில, யாழ்ப்பாணத்தில பிறந்த இருபத்திநாலு வயசுப் பெடியன் திரும்பிப் போய் இறங்கிறது எண்டால் என்ன எண்டு ஊரில இருந்து வாசிக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

விண்ணப்பத்தில ஒரு கேள்வி. எந்த நாட்டிலயாவது, என்ன காரணத்துக்காகவாவது, பொலிசோ ராணுவமோ உங்களைப் பிடிச்சு வைச்சிருந்ததோ. ஓம், இல்லை, ரெண்டு கட்டம். ஓம் எண்டால் விபரம் எழுத மூண்டு வரி.

அதோட கொழும்பில இருந்து பொலிஸ் சேட்டிபிக்கற் ஒண்டும் வேணும். அம்மா அலைஞ்சு எடுத்து அனுப்பிட்டா. நல்ல தடிச்ச பேப்பர், முத்திரை, சின்னம் எல்லாம். எனக்கெதிரா ஒரு பதிவும் இல்லையாம். ஒண்டுமே நடக்கேல்ல.

நான் இருக்கிறது அக்கா வீட்டில. பெரியம்மாவின்ட மகள். அத்தான் இங்க வந்து பன்ரெண்டு வருசம், இந்த நாட்டுப் போம் எல்லாம் அவருக்குப் பாடம். இரவுச் சாப்பாட்டு மேசையில சேட்டிபிக்கற்றை லைற்றுக்குப் பிடிச்சுப் பாத்தார்.

"அருமை. இதை வைச்சு இல்லை எண்டு போடும். முடிஞ்சுது கதை."

"ஆனால் பிடிச்சவங்கள் அத்தான்."

"ஆர் சொன்னது?"

"நான் சொல்லுறன்."

"உம்மை ஆர் கேட்டது? இஞ்ச பாரும் கஜன். நீர் இல்லை எண்டு போட்டால் உம்மட போமும் அவங்கட பேப்பரும் ஒண்டையொண்டு கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கும். ஓம் எண்டு போட்டால், இவங்கள் அங்க கேப்பாங்கள், அங்க இல்லை எண்டுவாங்கள், பிறகு நீர்தான் பொய்யன். பொலிஸ் பிடிச்சது எண்டு பொய் சொல்லுற முதல் ஆள் நீராத்தான் இருப்பீர்."

அக்காவின்ட மகள் ஏழு வயசு, தமிழ் விளங்கும், வாயில வராது. "மாமா, வேர் யூ இன் ஜெயில்?" எண்டு கேட்டாள், கண்ணெல்லாம் வெளிச்சம். அக்கா அவளை எழுப்பிக்கொண்டு ரூமுக்குப் போனா. "மாமா பகிடி விடுறார்," எண்டு சொல்லுறது கதவுக்குள்ளால கேட்டது.

அம்மாவுக்கு ஃபோன் எடுத்தன். அம்மா அத்தானை விட ஒரு படி மேல.

"அது என்ன பிடிக்கிறது," எண்டா. "கூப்பிட்டவங்கள், கேட்டவங்கள், விட்டவங்கள். நீ போனாய், வந்தாய். இல்லை எண்டு எழுது."

"நான் போகேல்ல அம்மா, கொண்டு போனவங்கள்."

"இப்ப அதை வைச்சு என்ன செய்யப் போறாய்? அங்க இருக்கிற வழியைப் பார்." வைச்சிட்டா.

நான் பெரிய சத்தியவான் எல்லாம் இல்லை. இந்தக் கடையில சேரேக்க மீன்பிடியில ஐஞ்சு வருசம் அனுபவம் எண்டு விட்டனான். விசாவுக்காகப் பொய் சொல்லக் கூடாது எண்ட கொள்கையும் இல்லை. ஆனால் இந்தக் கட்டத்தில பேனையை வைக்கேக்க எனக்கு அந்தப் புத்தகம்தான் தெரியுது. அதில சார்ஜன்டின்ட கையெழுத்து இருக்கு. அவனுக்குக் கீழ அம்மாவின்ட கையெழுத்து. இல்லை எண்டு நான் டிக் போட்டால், மூண்டாவது கையெழுத்து என்ட. முதல் ரெண்டு பேருக்கும் காரணம் இருந்தது. எனக்கு என்ன காரணம்? சொகுசு. பயம். சரி, பயம்தான். எண்டாலும் என்ட ரெண்டு நாள். அதை நடக்கேல்ல எண்டு சொல்ல அவங்களுக்கு உரிமை இல்லை, எனக்கும் இல்லை.

அடுத்த நாள் காலமை ஓம் எண்டு போட்டன். கறுப்பு மையால.

6

இப்ப சாட்சி வேணும். உலகத்திலேயே ஒருத்தன்தான் இருக்கிறான். ஞாயிறு அங்க விடியிற நேரம் பாத்து ஃபோன் எடுத்தன், பின்னால கொட்டாஞ்சேனைக் கோயில் மணி கேக்குது.

விசயத்தைச் சொன்னன். சொல்லிட்டு உடனே சொன்னன், "மச்சான், நீ மாட்டன் எண்டாலும் பரவாயில்லை. உன்ட பேர் போகும். இவங்கள் அங்க விசாரிச்சால் உனக்குக் கரைச்சல் வரும்."

"கரச்சல் எனக்கு தெனமும் வருது மச்சான். செக்பொயின்ட்ல சோத்துப் பொட்டியத் தெறந்து காட்டுன்றான். அதுவா பிரச்சின? நீ மொதல்ல ஒண்ணு சொல்லு. இல்லன்னு போடுன்னு ஒன்னோட அத்தான் சொன்னாரா?"

"ஓம்."

"நீ யோசிச்சியா?"

"கொஞ்சம் யோசிச்சனான்."



"ஏன்டா," எண்டான், "அப்ப நான் தொட்டில இழுத்துக் காமிச்சதும் இல்லயா? அந்தப் புக்ல நீ தானா வந்தன்னு எழுதி வச்சிருக்கான். நீ எங்கடா தானா வந்த? தானா வந்தவன் நான். என் சொந்தக் கால்ல, சட்ட கழுவிப் போட்டுட்டு. என் பேரு எங்கயுமே இல்ல. ஒரு எடத்துலயாவது இருக்கட்டும்டா. முழுப் பேரையும் போடு."

ரெண்டு நாளால, கோடுகள் இருக்கிற புதுக்கடைக்குப் போயிருக்கிறான், லோயர் ஒருத்தர் மூலமாச் சத்தியக்கடதாசி முடிக்க. அங்க ரைப் பண்ணுற கிளாக் ஐயா அவன் சொல்லச் சொல்ல ரைப் அடிச்சுக்கொண்டு போய், நடுவில நிப்பாட்டிட்டாராம்.

"தம்பி, நான் இஞ்ச இருபது வருசமா அடிக்கிறன். இன்ன ஆளைப் பிடிக்கேல்ல, இன்ன ஆள் நல்ல பிள்ளை, எண்டு சத்தியம் பண்ணத்தான் சனம் வரும். பிடிச்சது எண்டு சத்தியம் பண்ண வந்த முதல் ஆள் நீர். வடிவா யோசிச்சுத்தான் வந்தனீரோ?"

"ஆமாங்க ஐயா," எண்டானாம். "மீன் நீந்துனதையும் சேத்துக்குங்க."

திகதிதான் அவனுக்குச் சரியா ஞாபகம் இல்லை. அதைக் கேக்க வெள்ளவத்தைக்கு, எங்கட வீட்டுக்குப் போயிருக்கிறான். எனக்கு அது தெரியாது. தெரிஞ்சிருந்தால் போக விட்டிருக்க மாட்டன். அம்மா அவனைப் பேசிக் கலைச்சிருப்பா எண்டுதான் நினைச்சிருப்பன்.

7

நேற்று றெஜிஸ்ரர் போஸ்ற்றில கவர் வந்தது. மாசம் முடிய இன்னும் நாலு நாள் கிடக்கு.

முதல் தாளில ஜூட். சாதாரணமா சந்தியில நிக்கிறவன் மாதிரிக் கதைக்கிற பெடியன், தாளில நீதிமன்றத் தமிழில நிக்கிறான்: "குறித்த செயற்கை மீன்கள் என்னால் தயாரிக்கப்பட்டவை என்பதையும், அவற்றினுள் இருந்த இரும்புக் குண்டுகள் சத்தம் எழுப்பும் பொருட்டே வைக்கப்பட்டவை என்பதையும், குறித்த மீன் மேற்படி பொலிஸ் நிலையத்தின் தண்ணீர்த் தொட்டியில் அதிகாரிகள் முன்னிலையில் நீந்தியது என்பதையும் சத்தியம் செய்து கூறுகின்றேன்." அதுக்குக் கீழ முத்திரை, முத்திரைக்கு மேலால கையெழுத்து, முழுப் பேர், ஒரு எழுத்தும் குறையேல்ல.

அத்தானிட்டக் குடுத்தன். வாசிச்சிட்டு, "இதை இங்கிலீசுக்கு மாத்திற ஆள் பாவம்," எண்டார். பிறகு, "கொப்பி எடுக்கோணும். நான் ஒஃபிசில எடுத்திட்டு வாறன்," எண்டார். அது அவர் தோத்துப்போனதுக்கு அடையாளம் இல்லை. அவருக்கு இன்னும் என்னில கோவம். எண்டாலும் கொப்பி எடுக்காமல் ஒரு கடதாசியும் வீட்டை விட்டுப் போகக் கூடாது எண்டது அவற்ற கொள்கை.

கவருக்குள்ள இன்னொண்டு கிடக்கு எண்டு அக்காதான் கண்டா.

அம்மாவின்ட சத்தியக்கடதாசி. திகதி கேக்கப் போன ஜூட்டை இருத்தி வைச்சு, தேத்தண்ணி குடுத்து, அவன்ட தாளை வாங்கி ரெண்டு தரம் வாசிச்சிருக்கிறா. பிறகு சீலை மாத்திக்கொண்டு அவனோட பஸ் ஏறிப் புதுக்கடைக்குப் போயிருக்கிறா. என்னட்ட ஒரு வசனம் சொல்லேல்ல. மூண்டு பந்திதான்.

"வெள்ளவத்தையில் வசிக்கும் நான், உண்மையாகவும் நேர்மையாகவும் பயபக்தியுடனும் பிரகடனம் செய்வதாவது:

எனது மகன் பொலிஸ் நிலையத்துக்குத் தானாகப் போகவில்லை. அவரைக் கொண்டு போனார்கள். இரண்டு நாட்கள் வைத்திருந்தார்கள். இரண்டு நாளும் நான் வாசலில் நின்றேன்.

அவரை விடும்போது நான் கையெழுத்திட்ட பதிவு எனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தது. அதில் எழுதப்பட்டிருந்தது உண்மையல்ல. அதை அன்றே அறிந்தும் நான் இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை."

கீழ, இப்பிடியான கடதாசி எல்லாத்திலயும் வாற வழமையான வரி, கிளாக் ஐயா பாடத்தில அடிச்சது: மேற்கூறியவை பிரகடனம் செய்பவருக்கு வாசித்து விளங்கப்படுத்தப்பட்டன. அம்மா அந்த வரியைப் பேனையால வெட்டியிருக்கிறா. அடிமட்டம் வைச்சு, நேரா. மேல தன்ர கையால எழுதியிருக்கிறா, "நானே வாசித்தேன்". பக்கத்தில சின்னக் கையெழுத்து, வெட்டின இடத்துக்குச் சமாதான நீதவான் அடிச்ச சீல்.

ரெண்டு தாளையும் போமுக்குப் பின்னால வைச்சு, தடிச்ச பேப்பர் சேட்டிபிக்கற்றை எல்லாத்துக்கும் அடியில வைச்சு, கவரை ஒட்டினன்.